கிள்ளான் வேனும் தாய்மாமன் ஃபிளெக்ஸும்

விமான நிலையத்துச் சுங்க அதிகாரி அம்மாள் என் பெட்டியில் இருந்த புளியையும் கடலை மிட்டாயையும் கண்டுகொள்ளவே இல்லை. தோளில் மாட்டியிருந்த அட்டைக் குழாயைத்தான் கேட்டு வாங்கினார். உள்ளே சுருட்டி வைத்திருந்த ஃபிளெக்ஸை உருவி மேசைமேல் விரித்தார். கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஆறடி அகலத்துக்கு நான் மலேசியாவைப் பார்த்துச் சிரித்தேன்.

“தேர்தலில் நிற்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை மேடம், கல்யாணம்.”

“உங்களுக்கா?”

“அக்கா மகளுக்கு.”

அவர் மறுபடியும் ஃபிளெக்ஸைப் பார்த்தார். மூலையில் சின்ன வட்டத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். “பிறகு ஏன் உங்கள் படம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?” என்றார். திண்டுக்கல்லில் பதினெட்டு வருடமாக ஃபிளெக்ஸ் கடை நடத்துகிறேன். காதுகுத்து முதல் கருமாதி வரை அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதர்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தாய்மாமன் படம் பெரிதாகத்தானே இருக்கும்!

வெளியே வசந்தா அக்கா மஞ்சள் நிறப் பள்ளி வேனோடு நின்றாள். திருமணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மாமா இறந்து ஆறு வருடம். அவர் ஓட்டிய வேனை அவர் போன மூன்றாவது மாதத்திலிருந்து இவளே ஓட்டுகிறாள். கிள்ளானில் பதினேழு பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மதியம் இறக்குகிறாள். அந்தக் கூலியில்தான் பவித்ராவைப் படிக்க வைத்தாள், இப்போது கல்யாணமும் செய்கிறாள். “வா தம்பி, ஏறு லா, இங்க ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாது” என்று அவள் சொன்னபோது, அந்த ‘லா’ எனக்குப் புதிதாக இருந்தது.

நேராகக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனோம். மாலை, வெற்றிலை, பாக்கு, தாம்பூலப் பை எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டுமாம். தலைக்குமேல் சத்தமில்லாமல் ரயில் ஒன்று ஊர்ந்து போகிறது, கீழே பூக்கடையில் சாமந்தியும் ரோஜாவும் குவிந்து கிடக்கின்றன. கடைக்காரர் என்னை “பாஸ்” என்றார், அக்காவை “அக்கா” என்றார், எங்களுக்குப் பின்னால் நின்ற சீனப் பெண்மணியை “அமோய்” என்றார், மூன்று பேரிடமும் மூன்று மொழியில் பேரம் பேசினார். சாப்பாட்டுக் கடையில் வாழையிலையில் சோறு போட்டு, மூன்று கறியும் ஒரு மீனும் வைத்தார்கள். சாம்பாரில் லேசாகத் தித்திப்பு. ரசம் மட்டும் அப்படியே எங்கள் ஊர் ரசம். இரவெல்லாம் விமானத்தில் தூங்காத கண்ணுக்கு அந்தத் தெரு முழுக்க தண்ணீருக்குள் தெரிவது மாதிரி ஆடியது. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் போய்ச் சேரும்வரை பூ வாசத்துக்கு நடுவில் நான் தூங்கிக்கொண்டே போனேன்.

மறுநாள் வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பந்திங். விடிகாலையில் நானே வேனின் முன்னால் ஃபிளெக்ஸைக் கட்டினேன். முன் கண்ணாடிக்குக் கீழே ஆரம்பித்து பம்பர் வரை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கயிறு போட்டு இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டினேன். தொழில்காரன் கை அல்லவா!

“கண்ணாடிய மறைக்காதுல்ல?” என்றாள் அக்கா.

“கண்ணாடிக்குக் கீழதான்க்கா. நீ ஓட்டு.”

கோயிலுக்கு வெளியே பத்து பேராவது அந்த வேன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் சீர்த்தட்டு தூக்கினேன், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டேன், இரண்டு முறை பந்தியில் உட்கார்ந்தேன். மதியத்துக்குமேல் பவியை மாப்பிள்ளை வீட்டில் விட்டோம். அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அக்கா அழவில்லை. உறவுக்காரர்கள் அவரவர் காரில் கிளம்பிவிட, காலி வேனில் அக்காவும் நானும் மட்டும் திரும்பினோம்.

பந்திங் ரோட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஒரே உயரம், ஒரே இடைவெளி, எவ்வளவு தூரம் போனாலும் நின்ற இடத்திலேயே இருப்பது மாதிரி இருக்கிறது. மரங்களுக்குள்ளே பகலிலும் பச்சை இருட்டு. இந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. உட்கார்ந்த இடம் சுட்டது. இரண்டு பந்திப் பாயசம் உடம்பைச் சூடு பண்ணுகிறது என்று நினைத்தேன். ஏசியில் வெதுவெதுப்பான காற்று வந்தது. ஏதோ கருகுகிற வாசனை. அக்கா காலை அழுத்தினாள், வேன் போகவில்லை. அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓரமாக உருண்டுபோய் நின்றது. சீட்டு இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

அதற்குப் பிறகு வந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. பூச்சிச் சத்தம்கூட இல்லை. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

“கல்யாணத்தன்னிக்கே, தம்பி” என்றாள். “பொண்ண விட்டுட்டு வர வழியிலயே. அவங்கப்பா ஓட்டுன வண்டி.”

“வண்டின்னா ரிப்பேர் ஆகத்தான்க்கா செய்யும்.”

“ஆறு வருஷமா ஒரு நாள் நின்னதில்ல. இன்னிக்குத்தான் நிக்கணுமா? பவிகிட்ட சொல்லாத. சம்பந்தி வீட்டுக்குத் தெரியவே கூடாது. என் பொண்ணு போன நேரம்னு பேசுவாங்க.”

பேசுவாங்க என்றாளே தவிர, அவளே அப்படித்தான் நினைக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புல் ஈரமாக இருந்ததால் ஃபிளெக்ஸை அவிழ்த்துச் செம்பனை அடியில் விரித்தேன். என் முகத்தின்மேல் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு, இழுத்துப் போக லோரி வரும்வரை தாம்பூலப் பையில் இருந்த லட்டைத் தின்றோம். மஞ்சள் பட்டுப் புடவையில் அந்தப் பச்சைக்குள்ளே அவள் உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் கனவில் பார்த்தது மாதிரிதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை கிள்ளானில் மணியம் அண்ணன் பட்டறை. மாமா காலத்திலிருந்து வேனைப் பார்ப்பவர், நிதானமானவர், கேள்வி கேட்டால் துணியில் கையைத் துடைத்த பிறகுதான் பதில் சொல்வார். சீட்டைத் தூக்கி, உள்ளே குனிந்து, அரை மணி நேரம் பார்த்தார்.

“சூட்டுல இறுகிக் கட்டிப் போச்சு அக்கா. ஹெட் வளைஞ்சிருச்சு, பிஸ்டன் எல்லாம் கீறல். எஞ்சின் மாத்துறதுதான் நல்லது.”

“எங்க ஊர்ல ஒரு எஞ்சினை இப்படித் தூக்கிப் போட மாட்டாங்கண்ணே” என்றேன். “லேத்துல குடுத்து சிலிண்டரக் கடைஞ்சு, இன்னும் பத்து வருஷம் ஓட்டுவாங்க.”

“இங்கயும் பண்ணலாம் தம்பி. லேத்துக்காரன் பத்து நாள் கேப்பான். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது.”

அங்கேதான் சிக்கல். பள்ளி வேன் ஓட்டுபவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் வண்டி படுத்துவிட்டால் இன்னொருவர் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வார், முகம் சுளிக்க மாட்டார். ஆனால் ஒரு வாரம் அப்படி ஏற்றிவிட்டால் பிள்ளைகள் அந்த வண்டியிலேயே தங்கிவிடுவார்கள். பெற்றோருக்கு யார் ஓட்டினால் என்ன? அக்காவே வேறு இரண்டு வண்டிகளின் பிள்ளைகளை அப்படித் தன் வேனில் சேர்த்துக்கொண்டவள்தான். அதனால் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு இந்த வேன் முதல் வீட்டு வாசலில் நின்றாக வேண்டும்.

“சரி, எப்படிண்ணே இவ்ளோ சூடாச்சு?” என்றாள் அக்கா. “தண்ணி நான்தான் ஊத்துனேன்.”

மணியம் அண்ணன் கையைத் துடைத்தார். “அதான் எனக்கும் புரியல. வாட்டர் பம்ப் நல்லாருக்கு. ஹோஸ் நல்லாருக்கு. ஃபேன் சுத்துது. முன்னாடி காத்து அடைச்சாத்தான் இப்படி ஆகும். ஆனா முன்னாடி ஒண்ணுமில்லையே!”

நான் திரும்பிப் பார்த்தேன். வேனின் பின் சீட்டில் சேறு ஒட்டிய ஃபிளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டினேனே, ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாமல் கட்டினேனே!

அக்கா சொன்னாள்: “காரணமே இல்லாம நின்னுருக்கு. கேட்டியா தம்பி, காரணமே இல்ல.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பயம் போயிருக்கும். ஆனால் என் வாய் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் மெச்சின ஃபிளெக்ஸ் அது. தாய்மாமன் சீர் கொண்டுவந்தான் என்ற பெயர் போய், வண்டியைக் கொன்றான் என்ற பெயர் வரும். கோழைத்தனம்தான், வேறென்ன? அன்றைக்கு மட்டும் அக்கா பவிக்கு மூன்று முறை போன் செய்தாள். சாப்பிட்டியா, தூங்குனியா, மாப்பிள்ளை எப்படிப் பேசுறாரு என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மணியம் அண்ணனின் சின்ன லோரியில் மூன்று பேரும் எஞ்சின் தேடக் கிளம்பினோம். புது எஞ்சின் விலைக்கு வேறு வேனே வாங்கலாம். எல்லோரும் போவது ‘ஹாஃப் கட்’ கடைக்கு. ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளை இரண்டாக அறுத்து, முன் பாதியைக் கப்பலில் அனுப்புகிறார்கள். எஞ்சின், கியர், ஸ்டியரிங் எல்லாம் அந்தப் பாதிக்குள்ளேயே வந்துவிடும்.

அந்த மாதிரி ஓர் இடத்தை நான் பார்த்ததே இல்லை. தகரக் கொட்டகைக்குக் கீழே நூறு வண்டிகளின் முன்பாதிகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாம் நம்மையே பார்த்தபடி நிற்கின்றன. பின்னால் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. முன் சீட்டு இருக்கிறது, சீட்டுக்குப் பின்னால் வானம் இருக்கிறது. நடக்க நடக்க எனக்குக் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

கிள்ளானில் முதல் கடையில் எங்கள் எஞ்சின் இல்லை. இரண்டாவது கடையில் இருந்தது, ஆனால் கடைக்காரர் திங்கட்கிழமை அவசரத்தை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். விலையை இரண்டு மடங்கு சொன்னார். அக்கா கைப்பையை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து லோரியில் ஏறி உட்கார்ந்தாள். “பிள்ளைங்கள மேரிகிட்ட குடுத்துடுறேன்ண்ணே. கொஞ்ச நாள் வீட்ல இருக்கேன். எனக்குன்னு எழுதினது அப்படின்னா என்ன பண்றது?” என்றாள். மேரி என்பது அடுத்த தெருவில் வேன் ஓட்டும் பெண்மணி. மணியம் அண்ணன் லோரியை டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் திருப்பினார்.

டெங்கில் தோட்டங்களுக்கு ஓரத்தில் இருந்தது மூன்றாவது கடை. தவுக்கே, அதாவது முதலாளி, பனியனோடு இருந்த வயதான சீனர். எங்கள் வேனின் அச்சு அசல் முன்பாதி ஒன்றை மூலையில் காட்டினார். வெள்ளை நிறம். முன் கண்ணாடிக்குக் கீழே பள்ளத்தில் சருகுகள் அடைந்திருந்தன, சிவப்பும் மஞ்சளுமாக, கை விரல் விரித்த மாதிரி. நான் இலையுதிர் காலத்தைக் கண்ணால் கண்டதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், அந்த இலை கடல் தாண்டி இங்கே வந்து கிடக்கிறது. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தவுக்கே பேட்டரி கொண்டுவந்து மாட்டினார், பிளாஸ்டிக் டப்பாவில் பெட்ரோல் வைத்துக் குழாய் சொருகினார். தரையில் கிடந்த அந்தப் பாதி வண்டி ஒரே சாவியில் உயிர் பெற்றது. தன்னுடைய கறுப்புக் காபித் தம்ளரை எஞ்சின் மேலேயே வைத்தார். காபி லேசாக நெளிந்தது, சிந்தவில்லை. மணியம் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். “உள்ள தேன் கலர்ல இருக்கு அக்கா. ஒழுங்கா ஆயில் மாத்தியிருக்கான்.” தவுக்கே கிரில்லில் ஒட்டியிருந்த சருகுகளை விரலால் தள்ளிக்கொண்டே மலாயில் ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்றேன்.

“காத்து உள்ள போகணும், அத மட்டும் பாத்துக்கங்க, எஞ்சின் உங்கள விட அதிக நாள் இருக்கும்னு சொல்றாரு” என்றார் மணியம் அண்ணன்.

விலையும் இரண்டாவது கடையில் கேட்டதில் பாதிக்குச் சற்றுமேல்தான். மலைப் பக்கம் சுற்றிப் பார்க்க நான் மாற்றி வைத்திருந்த ரிங்கிட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள், நான் தவுக்கே கையிலேயே திணித்துவிட்டேன். “உனக்கு எதுக்குடா தம்பி இந்தச் செலவு” என்று அவள் கண் கலங்கியபோது எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

எஞ்சினை லோரியில் ஏற்றிக் கட்டியதும் மழை கொட்டியது. சாலையோரத்தில் வாழைப்பழ பஜ்ஜி போடும் தகரக் கடைக்குள் ஒதுங்கினோம். வெளியே மரம், சாலை, லோரி எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறம். அக்கா பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள்.

“எஞ்சின் கெடச்சுடுச்சு. ஆனா மனசு கெடந்து அடிச்சுக்குதுடா. அந்தப் பொண்ணுக்கு என்ன இருக்கோ!”

இதற்குமேல் தாங்க முடியவில்லை. “அக்கா, ஃபிளெக்ஸ்தான்க்கா” என்றேன். தகரத்தில் மழை அடித்த அடியில் எனக்கே கேட்கவில்லை. அவள் காதைக் கிட்டே கொண்டுவந்தாள். நான் கத்தினேன்: “காத்து போற எடத்துல என் ஃபிளெக்ஸைக் கட்டிட்டேன்! அதனாலதான் எஞ்சின் செத்துச்சு! சகுனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! என் மூஞ்சிதான்!”

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாளும், ஒதுங்கி நின்ற மோட்டார் சைக்கிள்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள்.

“திரும்பச் சொல்லு.”

சொன்னேன்.

“எப்போ தெரியும் உனக்கு?”

“நேத்து காலைல.”

குடையை எடுத்து அடித்தாள். விளையாட்டு அடி இல்லை, முழங்கையில் இரண்டு நாள் வலித்தது. “பாவி! நேத்து ராத்திரி பூரா நான் தூங்கல. என் பொண்ணு தாலிய நெனச்சு நெனச்சு செத்துக்கிட்டிருக்கேன். நீ பக்கத்து ரூம்ல கொறட்டை விட்டியே! ஒரு வார்த்த சொன்னா உன் மானம் போயிடுமா?” அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள், “உன் மூஞ்சியா? உன் கறுப்புக் கண்ணாடி மூஞ்சியா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அதை நிறுத்த முடியாமல் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். மணியம் அண்ணன் கையைத் துடைத்தார். “நான் நெனச்சேன் லா, காத்துதான்னு. ஆனா அக்கா, அந்த சூடு காட்டுற முள்ளு செத்து எத்தன வருஷம்? மாத்தச் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல?”

“மூணு வருஷம்” என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தட்டில் இருந்த பஜ்ஜி முழுவதையும் அவளே தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய எஞ்சினை இறக்கிப் புதியதை ஏற்றினார் மணியம் அண்ணன். எண்ணெய் சொட்டாமல் இருக்கத் தரையில் எதையாவது விரிக்க வேண்டும் என்றார். நானே ஃபிளெக்ஸைக் கொண்டுவந்து விரித்தேன். சாயங்காலம் சாவியைத் திருப்பியதும் எழுந்த சத்தம் பூனை உறுமுவது போல் அவ்வளவு சன்னம். புது முள் மெதுவாக எழுந்து நடுவில் நின்றது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூக்கடையிலிருந்து வாங்கி வந்த மாலையை நான் வண்டியின் முன்னால் கொண்டுபோனேன். “டேய், அங்க கட்டாத!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

திங்கட்கிழமை இருட்டுப் பிரிவதற்குள் நானும் கூடப் போனேன். ஐந்தே முக்காலுக்கு முதல் வீடு. தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறி, ஏறியதும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கின. பதினேழும் வந்தன. அக்கா ஒவ்வொரு முனையிலும் முள்ளைப் பார்த்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, எஞ்சின் மாற்றியதைப் பதிவு செய்யச் சோதனைக்கு மணியம் அண்ணனோடு வண்டியைக் கொண்டுபோனாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு என்னை விமானத்துக்கு ஏற்றிவிடப் புறப்பட்டவள், பந்திங் வழியாக வண்டியைத் திருப்பினாள். நாங்கள் லட்டு தின்ற செம்பனைகளைத் தாண்டினோம். எந்த மரம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். தலைக்குத் துண்டு கட்டியபடி பவி ஓடிவந்தாள். அக்கா கண்ணாடியை இறக்கி, எல்லாவற்றையும், எஞ்சின் செத்தது முதல் நான் மழையில் கத்தியது வரை, ஒன்று விடாமல் சொன்னாள். பவி சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “மாமா, உங்க மூஞ்சியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தலைக் கேட்டு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வெளியே வர, அவர்களிடம் அவளே மறுபடி முதலிலிருந்து சொன்னாள், சொல்ல முடியாமல் நடுவில் மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அந்த அம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“விமானத்துக்கு நேரமாச்சுக்கா” என்றேன்.

“இரு லா” என்றாள். எஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு, மகள் சிரித்து முடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.